ஒரு பனியாற்றுக்கு இறுதிச் சடங்கு நடத்துவதன் பொருள் என்ன?

குன்றூர் வாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு முறை கூடும் வாசிப்பு வட்டத்தில், உருகிவரும் பனியாறுகளைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அறிவியல் பகுதிக்கு வேண்டிய தரவுகள் ஓரளவு கையில் உள்ளன. என்னால் கடந்துசெல்ல முடியாமல் நிற்பது வேறொரு செய்தி.

2019 ஆகஸ்ட் 18 அன்று, ஐஸ்லாந்தின் மேற்கே உள்ள ஓக் என்னும் எரிமலையின் மேல் ஏறத்தாழ நூறு பேர் ஏறிச் சென்று, அங்கே இல்லாமற்போன பனியாற்றின் நினைவாக ஒரு செம்புப் பலகையைப் பாறையில் பதித்தார்கள். அப்போதைய பிரதமர் காத்ரின் யாகப்ஸ்தோத்திரும் அங்கே இருந்தார். பலகையில் எதிர்காலத்தவருக்கு எழுதிய கடிதம் போன்ற சில வரிகளும், அந்த ஆண்டில் காற்றில் இருந்த கரியமில வாயுவின் அளவும், அதாவது பத்து லட்சத்தில் 415 பங்கு என்ற கணக்கும் பொறிக்கப்பட்டுள்ளன.

இதைப் படித்தபோது எனக்குள் இரண்டு எண்ணங்கள் ஒன்றையொன்று தள்ளின. உயிரற்ற பனிக்கட்டிக்குத் துக்கம் காப்பது ஒளிப்படக் கருவிகளுக்காக நடத்தப்பட்ட நாடகமோ என்பது ஒன்று. ஆறு வற்றிய ஊரில் ஆற்றைப் பற்றிப் பேசும்போது நம் பெரியவர்களின் குரல் கம்முவதைக் கேட்ட நமக்கு இது விளங்காமல் போகுமா என்பது மற்றொன்று. பனியாற்றின் அருகில் தலைமுறை தலைமுறையாக வாழும் மக்கள் அதை எப்படிப் பார்த்திருக்கிறார்கள்? அது அழியும்போது அவர்கள் இழப்பது நீரை மட்டுமா? விவரம் அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.

படிவப்பாறை

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் ‘பனியாறு’ என்று எழுதியிருப்பது எனக்கு மகிழ்ச்சி தந்தது. நம் நாளிதழ்கள் கடலில் மிதந்து செல்லும் பனிக்கட்டியையும் மலைச்சரிவில் கிடக்கும் பனித்திரளையும் ஒன்றாகவே ‘பனிப்பாறை’ என்று எழுதிவிடுகின்றன. பாறை இருந்த இடத்தில் இருக்கும், பனியாறு நகரும். ஓக் விவகாரம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

ஆண்டுதோறும் பெய்யும் பனி கோடையில் முழுவதும் உருகாமல் எஞ்சி, அடுக்கின் மேல் அடுக்காக அழுந்தி, காற்று வெளியேறிக் கெட்டிப்பட்டுப் பளிங்கு போன்ற உறைபனியாகிறது. அந்தத் திரள் ஏறத்தாழ 40, 50 மீட்டர் தடிப்பை அடையும்போது, தன் எடையைத் தானே தாங்க முடியாமல் உள்ளுக்குள் நெகிழ்ந்து, சரிவை நோக்கி மெல்ல ஊர ஆரம்பிக்கிறது. அப்போதுதான் அதற்குப் பனியாறு என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓக்கின் மேல் ஏறத்தாழ 16 சதுர கிலோமீட்டர் பரப்பில் பனியாறு படர்ந்திருந்தது. 2012இல் அது ஒரு சதுர கிலோமீட்டருக்கும் கீழே சுருங்கியிருந்தது. ஐஸ்லாந்தின் பனியியலாளர் ஒத்தூர் சிகுர்த்சன் 2014இல் அந்த இடத்தை ஆராய்ந்து, எஞ்சிய பனி நகரும் ஆற்றலை இழந்துவிட்டதால் அதை இனிப் பனியாறு என்று அழைக்க இயலாது என்று அறிவித்தார்.

அவர்கள் மொழியில் பனியாற்றுக்கு ‘யோக்குல்’ என்று பெயர். ‘ஓக்யோக்குல்’ என்று வழங்கிய பெயரிலிருந்து பின்பாதி கழன்று விழ, ‘ஓக்’ மட்டும் எஞ்சியது. அந்தச் சொல்லுக்கு அவர்கள் மொழியில் நுகத்தடி என்று பொருள். ஒரு நிலப்படத்தில் பெயரின் பாதியை அழிப்பது சிறிய வேலைதான். ஆனால் இடப்பெயர்களில் வரலாற்றைச் சேமித்து வைத்திருக்கும் ஒரு நாட்டில், அந்த அழிப்பை யாரோ ஒருவர் வெளிப்படையாகச் செய்தாக வேண்டியிருந்தது என்றே அந்தச் சடங்கை நான் புரிந்துகொள்கிறேன்.

கணக்கப்பிள்ளை

மாற்றுக் கருத்தையும் பதிவு செய்யலாம் என்று நினைக்கிறேன். பனியாறுகள் எல்லாக் காலத்திலும் வளர்ந்தும் தேய்ந்தும் வந்திருக்கின்றன. இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் அழிந்துவிடும் என்று ஐக்கிய நாடுகளின் காலநிலைக் குழு 2007இல் எழுதியதும், பிறகு அது தவறு என்று அந்தக் குழுவே ஒப்புக்கொண்டதும் நமக்கு நினைவிருக்கிறது. உள்ள அழிவை அளந்து சொல்வதை விட்டுவிட்டு, ஒப்பாரி வைப்பதால் ஒரு டன் பனியாவது கூடுமா? பணமும் நேரமும் உள்ளவர்களுக்கு மலை ஏறிச் சென்று அழ முடிகிறது, அவ்வளவுதான்.

பேர்ண் வாசி

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுவிற்சர்லாந்தில் வாழ்ந்துவருபவன். பனியாற்றைக் கண்ணால் கண்டு பழகியவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். குறிப்பாக, மலைவாழ் மக்கள் எல்லோரும் ஆதியிலிருந்தே பனியாற்றைக் கும்பிட்டு வந்தார்கள் என்ற எண்ணம் குன்றூர் வாசகருக்கு இருக்குமானால், அதை முதலில் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே வலிஸ் மாநிலத்தில் அலெட்ச் என்னும் பனியாறு இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைகளிலேயே நீளமானது; இப்போதும் இருபது கிலோமீட்டர் அளவில் நீண்டு கிடக்கிறது. 17ஆம் நூற்றாண்டு குளிர் கூடிய காலம். பனியாறு கீழே கீழே இறங்கி மேய்ச்சல் நிலங்களை நெருங்கியது. அதன் ஓரத்தில் தேங்கிய ஏரி அவ்வப்போது உடைத்துக்கொண்டு ஊருக்குள் பாய்ந்தது. பொறுக்க முடியாத நிலையில், ஃபீஷ், ஃபீஷர்டால் என்னும் இரண்டு ஊர்களின் கத்தோலிக்க மக்கள் 1678இல் ஒரு நேர்த்தி வைத்தார்கள். ஒழுக்கத்தோடு வாழ்வோம், செபிப்போம், பனியாற்றின் வளர்ச்சியை நிறுத்தித் தாரும் என்பதே அந்த நேர்த்தி. பின்னாளில் ஆண்டுதோறும் ஒரு பவனியும் அதனோடு சேர்ந்துகொண்டது. எங்கள் ஊரில் அம்மை நோய் வந்தால் அம்மனுக்கு நேர்ந்துகொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள்; மனநிலை ஏறக்குறைய அதுவேதான்.

நேர்த்தி பலித்தது, அளவுக்கு மிஞ்சியே பலித்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அலெட்ச் பனியாறு மூன்று கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. இப்போது அந்த ஊர்களுக்கு வந்த சிக்கல் வேடிக்கையானது. முன்னோர் செய்த நேர்த்தியைப் பின்வந்தவர் தம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது என்பது அவர்கள் திருச்சபையின் மரபு. ஆகவே அவர்கள் வத்திக்கானுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். 2010இல் அனுமதி கிடைத்தது. எந்தப் பனியாறு வளரக் கூடாது என்று மன்றாடினார்களோ, அதே பனியாறு தேயாதிருக்க வேண்டும் என்று இன்று அதே ஊர் மக்கள் மன்றாடுகிறார்கள். செபத்தின் சொற்கள் தலைகீழானதைப் போல ஒரு பண்பாட்டு மாற்றத்தைத் துல்லியமாகக் காட்டும் சான்று வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு: 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிற்சர்லாந்தின் பனியாறுகள் தம் கன அளவில் பத்து வீதத்தை இழந்தன. ரோண் பனியாற்றில் சுற்றுலாப் பயணிகளுக்காகக் குடைந்த குகை உருகிவிடாதிருக்க, கோடையில் வெள்ளைத் துணிப் போர்வைகளை அதன் மேல் விரித்து வைக்கிறார்கள். ஒரு முறை பிள்ளைகளோடு போய்ப் பார்த்தேன். அழுக்கேறிக் கிழிந்த அந்தத் துணிகளின் கீழ் பனி கிடந்த காட்சி ஆஸ்பத்திரிக் கட்டிலை நினைவூட்டியது. அதை அழகு என்றும் சொல்ல முடியவில்லை. பார்க்காமல் திரும்பவும் முடியவில்லை.

2025 மே மாதத்தில் இதே மாநிலத்தில் பிளாட்டன் என்னும் சிற்றூர் புதைந்தது. மலையுச்சியிலிருந்து உடைந்து விழுந்த பாறைகள் பிர்ச் பனியாற்றின் மேல் குவிந்தன. அந்தப் பாரம் தாங்காமல் பனியாறே மே 28 அன்று இடிந்து கீழே வந்தது. சில நாட்களுக்கு முன்பே ஏறத்தாழ முந்நூறு பேரையும் கால்நடைகளையும் வெளியேற்றியிருந்ததால் பெரிய உயிரழிவு நேரவில்லை, ஒருவர் இறந்தார். ஊரின் பெரும்பகுதி மண்ணுக்கும் பனிக்கும் அடியில் போயிற்று. அடைபட்ட லொன்சா ஆறு ஏரியாகத் தேங்கி, எஞ்சிய வீடுகளையும் மூழ்கடித்தது. ஊர் பெயர்ந்து போவது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்று வேலையிடத்தில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த சுவிஸ்காரர்களைவிட, நாங்கள் மூன்று தமிழர்கள்தான் கூடுதலாக மௌனமாக இருந்தோம்.

அயலூர்க்காரி

பேர்ண் வாசி அண்ணன் சொன்னதற்கு நேர்மாறான ஓர் இடத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். பெரு நாட்டின் கூஸ்கோ நகரில் இரண்டு ஆண்டுகள் பணி நிமித்தம் தங்கியிருந்தபோது, கொய்யூர் ரித்தி என்னும் திருவிழாவுக்கு ஒரு முறை சென்றிருக்கிறேன்.

அவுசங்காத்தே என்னும் பெருமலையின் சுற்றுப்புறத்தில், கடல்மட்டத்திலிருந்து 4,600 மீட்டருக்கு மேலே, சினகாரா என்றொரு பள்ளத்தாக்கு உள்ளது. மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், பல்லாயிரக்கணக்கான மக்கள் அங்கே நடந்து வந்து சேர்கிறார்கள். கோயிலில் இருப்பது பாறையில் தோன்றியதாக நம்பப்படும் கிறிஸ்துவின் உருவம். ஆனால் அந்தப் பாறைக்குப் பின்னால் எழும் பனிமலையை மக்கள் ‘அப்பு’ என்று அழைக்கிறார்கள். கெச்சுவா மொழியில் அது தலைவன், காவல் தெய்வம் என்ற பொருளைத் தரும். கிறிஸ்துவை வணங்குவதும் மலையை வணங்குவதும் அங்கே வேறு வேறு செயல்கள் அல்ல. நம் ஊர் எல்லைச்சாமியைப் பற்றி அறிந்தவர்களுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றும் இருக்காது. 2011இல் யுனெஸ்கோ இந்த யாத்திரையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

இந்த விழாவில் ‘உகுக்கு’ என்று ஒரு பாத்திரம் உண்டு. கம்பளி முகமூடியும் தொங்கும் நூல்களால் ஆன அங்கியும் அணிந்து, கீச்சுக் குரலில் பேசி, கூட்டத்தைச் சிரிக்கவும் வைத்து, கையில் சாட்டையோடு ஒழுங்கும் காக்கும் கரடி மனிதர்கள் அவர்கள். கரடிக்கும் பெண்ணுக்கும் பிறந்தவன் என்பது கதை. விழாவின் உச்ச இரவில் அவர்கள் சிலுவையைச் சுமந்துகொண்டு இருட்டில் பனியாற்றின் மேல் ஏறுகிறார்கள். பாவத்தால் கரைசேராத ஆவிகள் பனிக்குள் அலைவதாகவும், அவற்றோடு போராடிக் கீழுள்ளவர்களைக் காப்பது உகுக்குகளின் கடமை என்றும் நம்பிக்கை. வெடவெடக்கும் அந்த இரவில் சிலர் உண்மையாகவே விழுந்து இறந்ததும் உண்டு.

விடியலில் இறங்கும்போது, முதுகில் கயிற்றால் கட்டிய பெரிய பனிக்கட்டிகளோடு வருவது பழைய வழக்கம். அந்த நீர் மருந்து, நோயாளிகளுக்குக் கொடுப்பார்கள். ஊருக்குக் கொண்டுபோய் நிலத்திலும் தெளிப்பார்கள். நம்மவர் காசியிலிருந்து கங்கை நீரைச் செம்பில் அடைத்து வந்து, வீட்டில் ஒருவர் இறுதி மூச்சு விடும்வரை பாதுகாப்பதைப் போன்றது என்றால் உங்களுக்கு விளங்கும்.

2000களின் தொடக்கத்தில், பனி பின்வாங்குவதைத் தம் கண்ணாலேயே கண்ட உகுக்கு குழுவினர், இனிப் பனிக்கட்டி வெட்டி எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். வெட்ட வருபவர்களைத் தடுக்கக் காவலும் வைத்தார்கள். ஆகவே நான் சென்ற ஆண்டில், விடியலில் மலையிலிருந்து வரிசையாக இறங்கிய அந்தக் கரடி மனிதர்களின் முதுகுகள் வெறுமையாக இருந்தன. விழாவை முன்பே கண்டிருந்த என் வீட்டுக்கார அம்மா, ‘இப்படி வெறுங்கையோடு இறங்குவதைப் பார்க்கும்போது விருந்துக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்புவது போலிருக்கிறது’ என்று சொன்னார்.

கணக்கப்பிள்ளை ஐயா கேட்கக்கூடிய கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன். சில நூறு பேர் முதுகில் சுமந்து வந்த பனி, அந்தப் பனியாறு வெப்பத்தால் இழப்பதன் பக்கத்தில் ஒரு பொருட்டா? இல்லை. அதை அவர்களும் அறியாதவர்கள் அல்லர். பனியைத் தேய்த்த புகையில் தங்கள் பங்கு எள்ளளவுகூட இல்லாத மக்கள், தங்களால் நிறுத்தக்கூடிய ஒரே சிறிய எடுப்பையும் நிறுத்திக்கொண்டார்கள். அப்புவிடம் வாங்கினால் அப்புவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஆண்டிஸ் மலைவாழ்வின் அடிப்படைக் கணக்கு. கொடுக்க வேறு வழியில்லாதபோது வாங்காமல் இருப்பதும் ஒரு கொடை. ஐஸ்லாந்தில் நடந்தது இறந்த பின் செய்த சடங்கு. இங்கே நான் பார்த்தது, படுக்கையில் கிடக்கும் மூத்தவரிடம் இனிக் கைச்செலவுக்குக் காசு கேட்பதில்லை என்று பிள்ளைகள் எடுத்த முடிவைப் போன்றது. இரண்டாவதுதான் என்னை நெடுநாள் தொந்தரவு செய்தது.

படிவப்பாறை

அயலூர்க்காரி பெருவைத் தொட்டுவிட்டதால், அங்கிருந்தே சுற்றுச்சூழல் பகுதியைச் சொல்லிவிடுகிறேன். வெப்பமண்டலத்தில் உள்ள பனியாறுகளில் ஏறத்தாழ எழுபது சதவீதம் பெருவில்தான் உள்ளது. 1960களில் இருந்த பரப்பில் பாதிக்கு மேல் இப்போது இல்லை.

கணக்கப்பிள்ளை குறிப்பிட்ட 2035 தவறு உண்மை. 2010இல் அந்தக் குழு அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஓர் ஆண்டைத் தவறாக எழுதியதால் அளவீடு பொய்யாகிவிடாது. உலகின் பனியாறுகளை 19 வட்டாரங்களாகப் பிரித்து அளக்கிறார்கள். 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், விதிவிலக்கே இல்லாமல், 19 வட்டாரங்களும் பனியை இழந்தன. வளர்வதும் தேய்வதும் இயல்பு என்பது சரி. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தேய்வதற்கு அந்த இயல்பு போதுமான விளக்கம் ஆகாது.

பெருவின் கொர்தியேரா பிளாங்கா மலைத்தொடரில் உருகும் நீர் சாந்தா ஆற்றில் சேர்ந்து, மழையே காணாத பசிபிக் கரைப் பாலைநிலத்துக்குப் பாய்கிறது. அங்கே பெரிய பாசனத் திட்டங்கள் ஏற்றுமதிக்கான பயிர்களை விளைவிக்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை மழையில்லாத மாதங்களில், ஆற்றைத் தாங்கிப்பிடிப்பது பனியாறே. இங்கே ஒரு மயக்கம் நேர்கிறது. பனியாறு வேகமாக உருகும் தொடக்கக் காலத்தில் ஆற்றில் நீர் கூடும். விதைநெல்லைக் குத்திச் சமைக்கும் வீட்டில் அந்த மாதம் சோறு தாராளமாகத்தான் இருக்கும். உச்சத்தைத் தொட்ட பிறகு நீர்வரத்து இறங்கத் தொடங்கும், மீண்டும் ஏறாது. சாந்தாவில் கலக்கும் கிளையாறுகளில் பெரும்பாலானவை அந்த உச்சத்தைக் கடந்துவிட்டதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பனி விலகிய இடத்தில் முதன்முறையாகக் காற்றும் நீரும் படும் பாறைகளில் கந்தகத் தாதுக்கள் இருந்தால், அவை அமிலமாகக் கரைந்து ஓடையைத் துருவின் நிறத்துக்கு மாற்றிவிடுகின்றன. பஸ்தோரூரி பனியாற்றின் அடிவாரத்தில் இதை நேரில் காணலாம். நீர் குறைவதற்கு முன்பே குடிக்கத் தகாததாகிவிடும் இந்த நிலையைப் பற்றி நம்மிடம் மிகக் குறைவாகவே பேசப்படுகிறது.

அடுத்தது ஏரி. உருகிய நீர் மண்கரைகளுக்குள் தேங்குகிறது. 1941 டிசம்பர் 13 அன்று பால்கக்கோச்சா ஏரி உடைத்துக்கொண்டு உவாராஸ் நகரின் ஒரு பகுதியை அழித்தது. குறைந்தது 1,800 பேர் மாண்டனர். அந்த ஏரி இன்று மீண்டும் பெருத்திருக்கிறது. உவாராஸைச் சேர்ந்த விவசாயியும் மலை வழிகாட்டியுமான சவுல் லுசியானோ, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.இ. மின் நிறுவனத்தின் மீது 2015இல் வழக்குத் தொடுத்தார். தொழிற்புரட்சிக்குப் பிறகு உலகம் வெளியிட்ட வாயுக்களில் அந்த நிறுவனத்தின் பங்கு 0.47 சதவீதம் என்றால், ஏரியைக் காக்கும் செலவிலும் அதே பங்கைத் தர வேண்டும் என்பது அவரது கோரிக்கை. ஹம் நகர உயர் நீதிமன்றம், அவருடைய வீட்டுக்குள்ள ஆபத்து போதிய அளவில் இல்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆயினும் பெருமளவில் வாயுக்களை வெளியிடுவோர், அதனால் தொலைவில் நேரும் பாதிப்புக்குப் பொறுப்பாக்கப்படலாம் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டது. தீர்ப்பு வந்த நாள் 2025 மே 28. பேர்ண் வாசி சொன்ன பிளாட்டன் ஊர் புதைந்ததும் அதே நாள்தான்.

கணக்கப்பிள்ளை

அளவீடு பற்றிய என் ஐயத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒப்பாரி பற்றிய என் கருத்து ஓக் நிகழ்ச்சியைப் பொறுத்தவரை மாறவில்லை. ஆனால் உகுக்குகள் செய்ததை ஒப்பாரி என்று நான் சொல்ல மாட்டேன். அது செலவைக் குறைத்த செயல், எனக்கு விளங்கும் மொழி. ஒரு கேள்வி: நம் கங்கையும் இதே கதிக்கு ஆளாகுமா?

படிவப்பாறை

கங்கோத்ரி பனியாறும் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது. பாகீரதி வெளிப்படும் கோமுகம் என்னும் வாய், யாத்திரிகர்களின் பாட்டனார் கண்ட இடத்தில் இன்று இல்லை. ஆனால் பனியாறு போனால் கங்கையே வற்றிவிடும் என்பது மிகை. சமவெளிக் கங்கையின் நீரில் பெரும்பங்கு பருவமழையிலிருந்து வருகிறது. பனியுருகலின் பங்கு மேலே செல்லச் செல்லக் கூடும், கோடையில் கூடும். சிந்து ஆற்றின் நிலைதான் உண்மையில் கவலைக்குரியது. அதன் நீரில் பனிக்கும் பனியாற்றுக்கும் உள்ள பங்கு மிகப் பெரியது. வாசிப்பு வட்டத்தில் இந்த வேறுபாட்டை விடாமல் சொல்லுங்கள், இல்லையென்றால் கேள்வி நேரத்தில் யாராவது பிடித்துக்கொள்வார்கள்.

குன்றூர் வாசகன்

அனைவருக்கும் நன்றி. ஓக்கில் தொடங்குவதாக இருந்தேன். இப்போது அலெட்ச் நேர்த்தியில் தொடங்கி, உகுக்குகளிடம் போய்ச் சேரலாம் என்று எண்ணுகிறேன். அயலூர்க்காரி அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். பனிக்கட்டி எடுப்பதில்லை என்று ஆன பிறகு, உகுக்குகள் அந்த இரவில் மேலே ஏறுவதற்குக் காரணம் என்ன மிஞ்சியிருக்கிறது?

அயலூர்க்காரி

இதே கேள்வியை நானும் என் அரைகுறை ஸ்பானிய மொழியில் ஓர் உகுக்குவிடம் கேட்டேன். முகமூடிக்குள்ளிருந்து அந்தக் கீச்சுக் குரலிலேயே, சிலுவையை மேலே வைத்தது யார், அதை இறக்கிக்கொண்டு வர வேண்டாமா என்று திருப்பிக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு முகமூடியைச் சற்றே தூக்கி, சொந்தக் குரலில், தான் சிறுவனாக இருந்தபோது பனியின் விளிம்பு எங்கே இருந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். அந்த இடத்தில் ஒரு பெண் தேநீர்க் கடை போட்டிருந்தார்.